கடிதத்தின் காவல்

மாத்தளை நகரை விட்டு வடகிழக்கே மலைப்பக்கம் திரும்பும் சாலையில் அமைந்த சிற்றூர் இரத்தோட்டை. நக்கிள்ஸ் என வழங்கும் மலைத்தொடரின் சாரலில், மிளகும் ஏலமும் தேயிலையும் அடுத்தடுத்து விளையும் ஊர் அது. சாலை அவ்வூரோடு நின்றுவிடுவதில்லை. மேலும் ஏறி, மூடுபனி சூழ்ந்த இறிவஸ்டன் உச்சியை அடைகின்றது. அங்கே ஓயாத காற்றின் நடுவே தொலைத்தொடர்புக் கோபுரமொன்று நிற்கின்றது. கீழே லயத்தில் வாழும் குடும்பத்துக்குத் தமிழகத்து உறவினர் விடுத்த செய்தி ஒரு காலத்தில் தபாற் பையில் ஆள் தோளில் ஏறி வந்தது. இன்று அலையாக வானில் வருகின்றது. வழி மாறிற்று, விரைவும் மாறிற்று. ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை. எழுதியவருக்கும் பெறுபவருக்கும் நடுவே நிற்போர் அச்செய்தியைப் படிக்கக் கூடுமா, கூடாதா என்பதே அது.

இக்கேள்வி மின்னஞ்சலோடு பிறந்ததன்று. ஓலை எழுதிய காலத்திலேயே அது உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு விடுத்த ஓலை சுருட்டப்பட்டு, மண் இலச்சினை இடப்பட்டு, கோசிகன் என்னும் அந்தணன் கையிற் செல்கின்றது. அவ்விலச்சினையிற் பதிந்திருந்த கூந்தலின் அடையாளத்தால் அதனை எழுதியவள் மாதவியே எனக் கோவலன் உணர்கின்றான். முத்திரையின் தொழில் இரண்டு என்பதை இங்கே காணலாம். ஒன்று, வழியில் எவரும் பிரிக்கவில்லை என்று காட்டுவது; மற்றொன்று, எழுதியவர் இன்னார் எனச் சான்று கூறுவது. அக்கதையின் பிற்பகுதி இன்னும் சுவையானது. அந்த ஓலையின் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துவதைக் கண்ட கோவலன், அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுகின்றான். யாருக்கு எழுதப்பட்டது என்பது உள்ளே உறுதியாகக் குறிக்கப்படாத கடிதம் எவருக்கும் செல்லக்கூடும் என்பதற்கு இதனினும் பழைய சான்று தேடவேண்டியதில்லை. இன்றைய கணிப்பொறி அறிஞர்கள் இதே தொல்லையைத் தவிர்க்கப் பெரும் பாடுபடுகின்றனர்.

கண்டி இராச்சியத்தில் மண் முத்திரை மனிதனுக்கே கடவுச்சீட்டாகவும் இருந்தது. 1660 ஆம் ஆண்டு சிறைப்பட்டு, 1679 இல் தப்பியோடிய ஆங்கிலேயரான றொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விரித்துரைக்கின்றார். வழிகளில் முள்வேலிக் கடவைகள் இருந்தன. அங்கே காவலரும் இருந்தனர். கடந்து செல்பவன் களிமண்ணிற் பதித்த அடையாளம் ஒன்றைக் காட்டவேண்டும். போர்வீரனாயின் ஈட்டி தாங்கிய மனித உருவம். சுமைகாரனாயின் காவடித்தடியின் இருபுறமும் பை தொங்கும் உருவம். வெள்ளைக்காரனாயின் தொப்பியும் வாளும் கொண்ட உருவம். எழுத்தறியாத காவலாளியும் இதனைப் படித்துவிடலாம். ஆயின் எவரும் படிக்கக்கூடியது என்பதனாலேயே அம்முத்திரையில் மறைவு எதுவும் இல்லை. அது சான்று கூறிற்று, இரகசியம் காக்கவில்லை.

அக்கடவைகளைக் கடந்து இரகசியம் சென்றது வேறு வழியில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரையோரத்தை ஆண்ட பிரித்தானியரிடம் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஜோன் டொயிலி. சிங்களத்தை முறையாகக் கற்ற அவர், கண்டி நாட்டுக்குள் நடப்பனவற்றை ஒற்றர் வாயிலாகவும் பிரதானிகளின் ஓலைகள் வாயிலாகவும் அறிந்துவந்தார். 1810 முதல் 1815 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு அச்சேறியிருக்கின்றது. அதனைப் புரட்டினால் வணிகர், துறவியர், ஓடிவந்தோர் எனப் பலர் செய்தி சுமந்து வருவதைக் காணலாம். அங்கே ஓலையின் காவல் முழுவதும் ஆளின் வாயடக்கத்தையே பற்றி நின்றது. ஆள் பிடிபட்டால் ஓலையும் பிடிபட்டது. ஓலை பிடிபட்டால் எழுதியவர் தலையும் போயிற்று. 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டியில் ஒப்பந்தம் நிறைவேறியபோது மாத்தளைத் திசாவையாக இருந்த ரத்வத்தையும் அதிற் குறிக்கப்பட்ட பிரதானிகளுள் ஒருவர். கையெழுத்துகள் சிலவற்றில் தமிழெழுத்துக் கலந்திருப்பது வரலாற்று மாணவர் அடிக்கடி எடுத்துக்காட்டும் செய்தி.

கையொப்பம் பற்றிய பெரும் வழக்கொன்று மாத்தளையிலேயே முளைத்தது. 1848 ஆம் ஆண்டு சூலை மாத இறுதியில், புதிய வரிகளை எதிர்த்துக் கிளர்ந்த மக்கள், தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொடை பண்டாவுக்கு முடிசூட்டி, மாத்தளையைத் தாக்கினர். ஆளுநர் டொரிங்டன் பிரபு இராணுவச் சட்டம் பிறப்பித்தார். புரன் அப்பு ஆகஸ்ட் 8 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். கொங்காலேகொடை பண்டா செப்டெம்பர் 21 இல், இரத்தோட்டைக்குத் தெற்கே உள்ள எல்கடுவையிற் பிடிபட்டு, பின்னர் மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். இவை யாவரும் அறிந்தவை. பலர் மறந்துவிட்ட பகுதி அதன் பின்னர் நிகழ்ந்தது.

இராணுவச் சட்டம் நிலவிய நாட்களில் மாத்தளையில் அதிகாரம் செலுத்திய கப்டன் வட்சன் என்பவரின் கையொப்பத்தோடு சிங்களத்தில் எழுதிய அறிவித்தல்கள் சில, இலண்டன் பாராளுமன்றத் தெரிவுக் குழுவின் முன் வைக்கப்பட்டன. கலகத்தாரின் சொத்தை மறைத்து வைத்திருப்போரைக் கடுமையாக அச்சுறுத்துவன அவை. வட்சன் அவை தம் கையொப்பமல்ல, போலிகளே என மறுத்தார். இதனை ஆராய இலங்கையில் ஒரு விசாரணையும் நடத்த நேர்ந்தது. ஒரு தாளின் கீழுள்ள சில கோடுகள் ஒருவர் கையால் இழுக்கப்பட்டவைதாமா என்பதைத் தீர்க்க, கையெழுத்தைப் பழகியறிந்தோரின் கண்ணையன்றி வேறு கருவி அக்காலத்தில் இல்லை. உயிரும் உடைமையும் போய்விட்ட ஊரில், அந்த ஆணை உண்மையானதா என்ற ஐயம் மட்டும் கடல் கடந்து ஆண்டுக் கணக்கில் நீண்டது.

அதே விசாரணையில் மற்றொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. ஆளுநரும், குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்டும், பிலிப் வுட்ஹவுஸ் என்னும் உயரதிகாரியும் தமக்குள் எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் வெளியாயின. ஒருவரைப் பற்றி ஒருவர் மறைவில் எழுதியவை பகிரங்கமாயின. ஆளுநர் 1850 இல் பதவி நீங்கினார். மற்றிருவரும் இலங்கையில் தம் பதவியை இழந்தனர். அக்கடிதங்களை வழியில் எவனும் திருடவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பெற்றவரிடமிருந்தே அவை வெளிவந்தன. எத்துணை வலிய பூட்டும் இவ்வாபத்தைத் தடுக்காது, இன்றும் தடுப்பதில்லை.

கோப்பிப் பயிர் மலைநாட்டைப் பற்றிப் படர்ந்த அக்காலத்தில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே காடு கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். வந்து சேர்ந்தோரின் வாழ்வை ஒரு காகிதம் ஆண்டது. அதன் பெயர் துண்டு. இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இன்ன கூட்டத்தாரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறு தோட்டம் தேடுவான். துரை படித்தார், அடுத்த தோட்டத்துத் துரை படித்தார், கங்காணி அதன் மதிப்பை அறிந்திருந்தான். யாருடைய உடலுழைப்பு அதில் எழுதப்பட்டிருந்ததோ அவனால் மட்டும் அதனைப் படிக்க இயலவில்லை. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. இரகசியம் என்பது எப்போதும் எளியோரைக் காப்பதன்று என்பதற்கு இச்சிறு காகிதம் சாட்சி. எழுத்தறியாமையே அங்கு பூட்டாயிற்று. அப்பூட்டின் திறவுகோல் தொழிலாளியிடம் இல்லை.

சொந்தக் கடிதங்களின் நிலையும் அதற்குத் தொலைவில் இல்லை. இரத்தோட்டைச் சாரலில் மட்டுமன்றி மலைநாடெங்கும், தோட்டத்து மக்களுக்கு வந்த கடிதம் அவர்தம் லயத்து வாயிலுக்கு வந்ததில்லை. தோட்டத்தின் தப்பால்காரர் நாள்தோறும் தபாற்கந்தோருக்குச் சென்று பையை எடுத்து வருவார். பூட்டிட்ட பையாயின், திறவுகோல் ஒன்று தபாற்கந்தோரில் இருக்கும். மற்றொன்று தோட்டத்துக் கந்தோரில் இருக்கும். பை திறக்கப்படுவது அங்கேதான். முகவரி என்று எழுதப்பட்டதும் ஆளின் பெயர், டிவிசன், தோட்டத்தின் பெயர் என்பவையே. லயத்துக்கு இலக்கம் கிடையாது. ஒரே டிவிசனில் மூன்று இராமாயிகள் இருந்தால் கடிதம் எந்த இராமாயிக்கு என்பதைக் கந்தோரில் இருப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னரும் பல தோட்டங்களில் இதே முறை தொடர்ந்தது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் வங்கிக் கடிதமும் நாள் கடந்து கிடைத்தன என்னும் முறைப்பாடுகள் எழுந்தன.

1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பிரித்தது. அண்ணன் அக்கரையிலும் தங்கை இக்கரையிலுமாகக் குடும்பங்கள் பிளவுற்றன. அக்குடும்பங்களுக்குக் கடிதமே உறவாயிற்று. எழுத்தறிந்த ஒருவரிடம் சொல்லி எழுதுவிப்பதும், வந்ததை வேறொருவரைக் கொண்டு படிப்பிப்பதும் வழக்கம். ஆதலால் ஒரு கடிதம் குறைந்தது நான்கு பேர் அறிந்த பின்னரே உரியவர் மனத்தை எட்டிற்று. மணப்பேச்சு, கடன், நோய், குடியுரிமை மனு எதுவாயினும் இந்நிலைதான். அம்மக்கள் இதனைப் பெருங்குறையாகச் சொல்லிக் கொண்டதில்லை என எண்ணுவோர் உளர். சொல்லிக்கொள்ள வேண்டிய இடமும் அதே கந்தோராக இருந்தபோது அவர்கள் யாரிடம் சொல்வர்?

திறந்த இடத்தில் மறைவாகப் பேசும் கலையைத் தமிழர் அறியாதவரல்லர். குழூஉக்குறி என இலக்கண நூலார் குறிப்பது அதுவே. பொற்கொல்லர் பொன்னைப் பறி என வழங்கியதை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். மாட்டுச் சந்தையில் தரகர் இருவர் கைகளைத் துண்டால் மூடி, விரல்களைத் தொட்டு விலை பேசுவதும் அவ்வகையே. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இருவருக்கே தெரியும். 1857 இல் இலக்னோ முற்றுகையின்போது ஆங்கிலேயத் தளபதிகள் தம் ஆங்கில வாசகத்தைக் கிரேக்க எழுத்தில் எழுதி, இறகுத் தண்டினுள் ஒளித்து, தூதர் கையில் அனுப்பினர். பிடித்தவன் கிரேக்கம் அறியமாட்டான் என்பதே அவர்தம் நம்பிக்கை. இவையனைத்திலும் முறையை அறிந்தவன் பொருளையும் அறிவான். முறை வெளிப்பட்டால் காவல் முடிந்தது.

1858 இல் தந்தி இலங்கைக்கு வந்தது. கடிதத்தை உறையிலிட்டு ஒட்டலாம். தந்தியை ஒட்ட இயலாது. அனுப்பும் குமாஸ்தாவும் பெறும் குமாஸ்தாவும் சொல்லுக்குச் சொல் படித்தே ஆகவேண்டும். ஆகவே கோப்பியும் தேயிலையும் விற்ற வணிகர் ஏ.பி.சி. கோட், பென்ட்லி கோட் என்னும் சங்கேத அகராதிகளைப் பயன்படுத்தினர். ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே சொல். அதனால் தந்திச் செலவும் குறைந்தது, பார்வைக்குப் பொருளும் மறைந்தது. ஆயின் அவ்வகராதிகள் கடையில் விற்கப்பட்டவை. காசு கொடுத்து வாங்கிய எவரும் அத்தந்தியைப் படிக்கலாம். உண்மையில் அவை மறைத்ததைவிடச் சேமித்துக் கொடுத்ததே மிகுதி.

கம்பியும் நீங்கி, செய்தி வானலையாகப் பரந்தபோது நிலைமை முற்றும் மாறியது. வானலையை வழிமறிக்க எவரும் வழியில் நிற்கவேண்டியதில்லை, எங்கிருந்தும் கேட்கலாம். இதனால் இலங்கை அடைந்த பயன் பெரிது. 1942 சனவரியில், சிங்கப்பூரிலிருந்து பிரித்தானியக் கடற்படையின் சங்கேதம் உடைக்கும் குழு கொழும்புக்கு வந்து, பெம்புரோக் கல்லூரிக் கட்டடத்தில் அமர்ந்தது. ஜப்பானியக் கடற்படையின் சங்கேத முறை எளிதன்று. சொல் ஒவ்வொன்றும் ஐந்திலக்க எண்ணாக மாற்றப்படும். அதன்மேல் வேறொரு நூலிலிருந்து எடுத்த எண் கூட்டப்படும். மார்ச் மாத இறுதியில், விமானந் தாங்கிக் கப்பல்களைக் கொண்ட படையொன்று இலங்கையைத் தாக்க வருவதை இக்குழு உணர்ந்து எச்சரித்தது. தாக்கப்படவுள்ள இடம் முதலில் வெறும் குறியாகவே இருந்தது. பின்னர் ஜப்பானிய ஒலிபரப்பாளர் ஒருவர் கொழும்பின் பெயரை அசையசையாக எழுத்துக் கூட்டி அனுப்பிவிட்டமையால் ஐயம் நீங்கிற்று என்பர். எதிரியின் நூல்கள் வலியவை. எழுதிய கை தளர்ந்தது. ஏப்பிரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது; 9 ஆம் நாள் திருகோணமலை. எச்சரிக்கை கிடைத்திருந்தும் கோர்ன்வால், டோர்செற்சயர், ஹேர்மிஸ் ஆகிய போர்க்கப்பல்கள் மூழ்கின. ஆயினும் துறைமுகங்களிலிருந்த கப்பல்கள் பல முன்னரே அப்புறப்படுத்தப்பட்டிருந்தன.

அதன்பின் அக்குழுவின் பெரும்பகுதி கிழக்காபிரிக்காவுக்குச் சென்று, 1943 இல் மீண்டும் கொழும்புக்கு வந்து, அன்டர்சன் என்னும் நிலையத்தில் இயங்கிற்று. 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு மாறியது. மாத்தளை மலைகளுக்கு அணித்தாக, தேயிலைக் கொழுந்து ஆய்ந்துகொண்டிருந்தோர் அறியாமலே, ஒரு பெரும்போரின் இரகசியங்கள் அக்காற்றில் போய்வந்துகொண்டிருந்தன.

அந்தப் போருக்கு நெடுநாள் முன்னரே, 1883 இல், ஒகுஸ்த் கெர்க்கோவ்ஸ் என்னும் மொழியறிஞர் ஓர் உண்மையைக் கூறியிருந்தார். சங்கேத முறை பகைவன் கையிற் கிடைத்தாலும் தீங்கு நேரக்கூடாது. இரகசியம் முறையில் அல்ல, திறவுகோலில் மட்டுமே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. நல்ல பூட்டின் அமைப்பை எல்லாக் கொல்லரும் அறிவர். ஆயினும் சாவி உள்ளவனே திறப்பான். இக்கொள்கை சரியே. ஆயின் இதில் ஒரு முட்டுப்பாடு உண்டு. இருவர் மறைவாகப் பேசுவதற்கு இருவரிடமும் ஒரே சாவி இருத்தல் வேண்டும். தோட்டத்துப் பைக்கு இரண்டு சாவிகள் இருந்தமை போன்றதே இது. கடல் கடந்து வாழ்பவருக்கு அந்தச் சாவியை எவ்வாறு கொடுப்பது? தபாலில் அனுப்பினால் தபாலைத் திறப்பவன் சாவியையும் எடுத்துக்கொள்வான்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தீராதிருந்த இந்தச் சிக்கலை 1976 இல் விற்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்கர் இருவர் அவிழ்த்தனர். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்பதே அவர்தம் எண்ணம். இதனை விளங்கிக்கொள்ள இரத்தோட்டைத் தபாற்கந்தோரின் செந்நிறப் பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் வாயில் எல்லார்க்கும் திறந்தது. யார் வேண்டுமாயினும் கடிதத்தை உள்ளே போடலாம். போட்டபின் எடுப்பது பெட்டியின் சாவியுடையவரால் மட்டுமே ஆகும். பெட்டியை நாற்சந்தியில் வைப்பதனால் இரகசியம் கெடுவதில்லை. அவ்வாறே ஒருவர் தம் பொதுச் சாவியை ஊரெங்கும் பறைசாற்றலாம். தனிச் சாவியை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்வார்.

இவ்வெண்ணத்துக்கு எண்களால் உருக்கொடுத்தவர்கள் றிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர். 1978 இல் அச்சான அவர்தம் கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொண்ட எண்கள் 47, 59 என்பவை. அவற்றைப் பெருக்கினால் 2773 வரும். பள்ளிச் சிறுவனும் பெருக்குவான். ஆயின் 2773 என்பதைக் கொடுத்து, எவ்விரண்டு பகா எண்களின் பெருக்கம் இது எனக் கேட்டால் சற்று நேரம் பிடிக்கும். எண் 617 இலக்கம் கொண்டதாயின், இன்றைய கணிப்பொறிகள் அனைத்தும் ஒன்றுகூடினாலும் மனித வாழ்நாளில் அதனைப் பிரித்தறிதல் இயலாது. போவது எளிது, திரும்புவது அரிது என்னும் இந்த ஒருவழிப் பாதைமேல்தான் வங்கிப் பணமும் தனிமனிதர் கடிதமும் இன்று நடந்து செல்கின்றன. பிற்காலத்திற் பெருந்திறன் வாய்ந்த குவாண்டம் கணிப்பொறி தோன்றின் இப்பூட்டு உடையலாம் என்பதால், வேறு கணக்குகள் மேல் எழுப்பிய புதிய முறைகளையும் அறிஞர் 2024 முதல் நியமமாக வெளியிட்டு வருகின்றனர்.

இங்கே சிறிய செய்தியொன்று. இதே கண்டுபிடிப்பை 1970 முதல் 1974 வரையில் பிரித்தானிய அரசின் சங்கேதப் பணியகத்தார் எலிஸ், கொக்ஸ், வில்லியம்சன் ஆகியோர் முன்னரே கண்டிருந்தனர். பெம்புரோக்கிலும் அன்டர்சனிலும் வளர்ந்த அதே தொழிலின் வழிவந்தது அப்பணியகம். அவர்கள் 1997 வரை வாய் திறக்கவில்லை. இரகசியம் காக்கும் கலையைக் கண்டவர்களின் புகழே இரகசியமாகிவிட்டது.

இலங்கையில் 1990 ஐ ஒட்டிப் பல்கலைக்கழகத்தார் மின்னஞ்சலைத் தொடங்கினர். 1995 இல் இணையம் வணிக முறையில் வந்தது. அந்நாளில் மின்னஞ்சல் உறையற்ற தபாலட்டையே. 1982 இல் வகுக்கப்பட்ட அதன் விதியில் மறைவுக்கு இடமில்லை. ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும் வழியெல்லாம், பார்க்க விரும்பியவர் பார்க்கலாம். பின்னர் வந்த ஏற்பாடு, கணிப்பொறிக்கும் கணிப்பொறிக்கும் இடையே பூட்டிய பையில் அனுப்புவது. வங்கி முதலியவற்றின் தளங்களில் காணும் பூட்டுச் சின்னம் இதனையே குறிக்கின்றது. இது பெரும்பேறே. ஆயினும் மலைநாட்டார் இதன் எல்லையை எளிதில் உணர்வர். பை பூட்டப்பட்டே வருகின்றது, கந்தோரிற் திறக்கப்படுகின்றது. மின்னஞ்சல் நிறுவனத்தின் கணிப்பொறியே இங்கு கந்தோர். கடிதம் அங்கே திறந்து கிடக்கின்றது.

கந்தோரும் படிக்கக்கூடாது என்றால், எழுதுபவர் தம் கையாலேயே பூட்டி, பெறுபவர் தம் கையாலேயே திறத்தல் வேண்டும். 1991 இல் பிலிப் சிம்மர்மன் என்னும் அமெரிக்கர் இதற்கான மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். பி.ஜி.பி. என்பது அதன் பெயர். ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறியதாக அவர்மேல் விசாரணை வந்தது. சங்கேதம் அக்காலச் சட்டத்தின் கண்ணுக்குப் பீரங்கியோடு ஒத்ததாய்த் தோன்றிற்று! மென்பொருளின் மூலவாசகத்தை நூலாக அச்சிட்டு வெளிநாடு அனுப்பினர். நூலைத் தடுக்கச் சட்டம் துணியவில்லை. 1996 சனவரியில் விசாரணை கைவிடப்பட்டது. ஆயின் அம்மென்பொருளைக் கையாள்வது சாதாரண மக்களுக்குக் கடினம். இரத்தோட்டை லயத்துக்கு அது வந்து சேர்ந்திருக்குமென எதிர்பார்ப்பது வீண். அங்கு வந்து சேர்ந்தது கைத்தொலைபேசியே. 2016 ஏப்பிரலில் வட்ஸ்அப் தன் செய்திகள் யாவற்றையும் இருமுனைக்கும் இடையே பூட்டியனுப்பத் தொடங்கியபோது, சாவி என்ற சொல்லையே கேட்டிராத கோடிக்கணக்கானோர் சாவியுடையோராயினர். பையைத் திறக்கும் கந்தோர் இல்லாத கடிதம் மலைநாட்டு லயத்துக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

தனிச் சாவிக்கு மற்றுமொரு பயன் உண்டு. அதனாற் பூட்டியதைப் பொதுச் சாவியால் எவரும் திறந்து பார்க்கலாம். திறந்துகொண்டால் அனுப்பியவர் அச்சாவியுடையவரே என்பது உறுதி. இதுவே இலத்திரனியற் கையொப்பம். அறிவித்தலில் ஓரெழுத்தை மாற்றினாலும் ஒப்பம் பொருந்தாது. மாத்தளையில் வட்சன் பெயரால் ஒட்டப்பட்ட தாள்களுக்கு இத்தகைய காப்பு இருந்திருப்பின் மறுப்புக்கு இடமிருந்திராது. இலங்கையின் 2006 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல் சட்டம் இத்தகைய ஒப்பத்துக்குச் சட்ட வலிமை அளித்தது. ஆயின் இச்சாவி இன்னாருடையதே என்று யார் சான்று கூறுவது? அதற்கு அத்தாட்சி நிறுவனங்கள் உண்டு. வட்ஸ்அப்பிலோ இருவர் தொலைபேசியிலும் அறுபது இலக்க எண்ணொன்று தோன்றும். இரண்டும் ஒத்திருந்தால் நடுவே எவரும் இல்லை. மாதவியின் கூந்தற் பதிவுக்கு ஒத்த அடையாளம் அது. அதனை ஒத்துப்பார்ப்போர் மிகச் சிலர்.

பூட்டு வலியதாயினும் பாதை திறந்திருக்குமென்பது உறுதியில்லை. 2018 மார்ச்சில், நக்கிள்ஸ் மலைக்கு அப்பால் திகனைப் பகுதியில் வன்செயல் மூண்டபோது, அரசு வட்ஸ்அப்பையும் பிற சமூக வலைத்தளங்களையும் சில நாட்கள் தடுத்துவைத்தது. வெறுப்பைப் பரப்பியோரின் செய்தியும், உறவினர் நலம் விசாரித்தோரின் செய்தியும் ஒன்றாகவே நின்றுபோயின. மறைவான கடிதம் குற்றவாளிக்கும் உதவும் என அரசுகள் கூறுவது பொய்யன்று. ஆயின் அரசுக்கு மட்டும் திறக்கும் தனிச் சாவியொன்று செய்துவைக்கலாம் என்னும் யோசனையைக் கணித அறிஞரிற் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அச்சாவியைத் திருடுபவனை எண் அறியாது.

லயத்தில் ஒரு தொலைபேசியை ஐவர் கையாள்வது வழக்கம். திரை திறந்த பின் அவ்வைவருக்கும் கடிதம் பொதுவே. அதனினும் நுண்ணியது வேறொன்று. பி.ஜி.பி. முறையிற் பூட்டிய மின்னஞ்சலிலும் அனுப்புநர், பெறுநர், நாள், நேரம், பெரும்பாலும் பொருள் எழுதிய தலைப்பு வரி ஆகியவை வெளிப்படையாகவே செல்கின்றன. தோட்டத்துக் கந்தோரில் இருந்தவர் கடிதத்தைப் பிரிக்காமலே, எந்தக் குடும்பத்துக்கு எந்த ஊர் முத்திரையோடு மாதம் எத்தனை கடிதம் வந்தது என்பதை அறிந்திருந்தார். இந்தியத் தபால்தலை ஒட்டிய உறை ஒரே வீட்டுக்கு அடிக்கடி வரத் தொடங்கினால், அவ்வீட்டார் புறப்பட ஆயத்தமாகின்றனர் என்பதைத் தோட்டம் முழுவதும் ஊகித்துக்கொண்டது. உறையினுள் இருந்ததை எவரும் படிக்கவில்லை.